‘மனசு கேக்கல சிஸ்டர்’: பச்சிளங்குழந்தை வார்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு

போன மாசம் ஒரு நைட் டூட்டி. விடியற்காலை மூன்று மணி இருக்கும். சேர்ந்து மூன்று வாரமே ஆன பெண் ஒருத்தி பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஈரமே இல்லாத கையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். "மனசு கேக்கல சிஸ்டர்" என்றாள்.

அவள் பொறுப்பில் இருந்தது 26 வாரத்தில் பிறந்த குழந்தை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எடை 700 கிராமுக்குக் கொஞ்சம் மேல். வென்டிலேட்டரில் பத்தொன்பதாம் நாள். மூளையின் இரண்டு பக்கமும் ரத்தக்கசிவு. அப்பா தினமும் வாசலில் நின்று, "எவ்வளவு ஆனாலும் பாருங்க, நிறுத்திடாதீங்க" என்கிறார். குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது இவள் வேலை. அந்தக் குதிகாலில் இனி குத்த இடமில்லை. இவள் தப்பாக எதுவும் செய்யவில்லை, சொன்னதைத்தான் செய்தாள். சிக்கலே அதுதான்.

காவிரிப் படுகை ஊர்களின் பச்சிளங்குழந்தை வார்டுகளில் 17 வருடம் வேலை பார்த்திருக்கிறேன், முதல் நாலு வருடம் தனியாரில், பிறகு அரசில். வார்மரையும் (குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் படுக்கை) சி-பாப்பையும் (மூச்சுக்கு உதவும் கருவி) எப்படிக் கையாள்வது என்று உங்களுக்குப் பயிற்சி கொடுத்துவிடுவார்கள். படிக்கட்டில் உட்காரும் நேரத்துக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. அதனால் இது.

எது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

1984-ல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் செவிலியர் பணியைப் பற்றி எழுதும்போது இதற்கு ‘மாரல் டிஸ்ட்ரஸ்’ என்று பெயர் வைத்தார். செய்ய வேண்டியது எது என்று நமக்குத் தெரிகிறது, வேலை பார்க்கும் இடத்தின் கட்டுகள் அதைச் செய்யவிடாமல் தடுக்கின்றன. அப்போது உண்டாகும் வேதனைதான் அது. தமிழில் அறத்துயர் என்று எழுதலாம். நம் ஊரில் எல்லாரும் ஏற்கெனவே சொல்லும் ‘மனசு கேக்கல’ இதைவிடச் சரியாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

புதிதில் மூன்று சங்கதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். குழந்தை இறந்ததும் வரும் அழுகை துக்கம். அழுதால் கொஞ்சம் இறங்கும். ஆறு நைட் டூட்டி தொடர்ந்து பார்த்தபின் எல்லார் மேலும் எரிச்சல் வந்தால் அது களைப்பு. இரண்டு நாள் தூங்கி எழுந்தால் பெரும்பாலும் போய்விடும். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, வீட்டுக்காரரோடு சண்டைகூடப் போட்டுவிட்டு உட்காரும்போதும் ‘நான் செய்தது சரியா’ என்று ஒன்று உள்ளே நின்றுகொண்டே இருந்தால், இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. துக்கத்துக்கு மருந்து வேறு, களைப்புக்கு மருந்து வேறு. இதற்கு லீவு கொடுத்தால் திரும்பி வந்த அன்று அதே இடத்தில் அதே கேள்வி காத்திருக்கும்.

எது சரி என்றே தெரியாமல் திண்டாடுவது இன்னொரு நிலை. அதற்கு மூத்த டாக்டரிடம் பேசினால் வழி பிறக்கும்.

நம் பக்கத்தில் இது எப்படி வருகிறது

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்தால், பிழைக்க வாய்ப்பில்லாத குழந்தைக்கு அளவுக்கு மீறிச் சிகிச்சை தரும் கதைதான் அதிகம் இருக்கும். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவளுடையது அந்த வகை. ஆனால் டெல்டாவில் நான் அதிகம் பார்த்தது எதிர்ப்பக்கம்: பிழைக்கக்கூடிய குழந்தைக்குக் கிடைக்காமல் போகும் சிகிச்சை. "எழுதிக் கொடுத்துட்டுப் போறோம் சிஸ்டர்" என்று, சிகிச்சை முடியும் முன்பே தங்கள் பொறுப்பில் குழந்தையைக் கூட்டிப்போக வந்து நிற்கும் குடும்பம். வேதாரண்யம் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வந்து, வழியிலேயே உடம்பு சில்லிட்டுப் போன குழந்தை. ஒரே சிஸ்டரின் இரண்டு கையும் ஆறு வார்மரும். இரண்டு குழந்தைகள் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தினால் எதனிடம் முதலில் ஓடுவது என்பதை யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்காது, கால் முடிவெடுக்கும். பிறகு வருடக்கணக்கில் மனசு அதை விசாரிக்கும்.

பெரிய குழந்தைகளின் ஐ.சி.யூ.வில் போட்டால் வேறு மாதிரி. வாய்க்காலில் மூழ்கியவன், பாம்பு கடித்தவள், வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தைக் குடித்துவிட்டது, டெங்குவில் ரத்த அழுத்தம் இறங்கியது. அங்கே குழந்தை பேசும். "நான் செத்துப் போயிடுவேனா அக்கா?" என்று ஒன்பது வயதுப் பையன் கேட்பான். வெளியே பெரியப்பா, "அவன்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க" என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருப்பார். பொய்யும் சொல்ல வேண்டாம், தீர்ப்பும் சொல்ல வேண்டாம். "ஏன் தங்கம் அப்படிக் கேக்குறே?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பாதிப் பேர் கேட்க நினைப்பது வேறு: அம்மா ஏன் அழுகிறாள், இன்று ராத்திரி அம்மா கூட இருப்பாளா. அதற்கு உங்களால் பதில் சொல்ல முடியும்.

ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

பத்து ரூபாய்க்கு எழுதுகிற நோட்டு ஒன்று வாங்குங்கள். குழந்தையின் பெயர், அம்மா பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), தேதி எதுவும் அதில் வரக்கூடாது. டூட்டி முடிந்ததும் மூன்று இடத்தை மட்டும் நிரப்புங்கள்.

நான் செய்தது (அல்லது செய்யாமல் விட்டது) ……
செய்திருக்க வேண்டும் என்று நினைப்பது ……
தடுத்தது ……

மூன்றாவது இடத்தில்தான் பேனா நிற்கும். அங்கே ‘சிஸ்டம்’, ‘விதி’ என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ‘டாக்டரிடம் கேட்கப் பயம்’, ‘வலி மருந்து ஆர்டர் இல்லை’, ‘அம்மாவை உள்ளே விட நேரம் ஆகவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார்’ என்று ஆளும் பொருளும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் மறுநாள் யாரிடம் போய் நிற்பது என்று தெரியும்.

நான் முதன்முதலில் எழுதியது ஞாபகம் இருக்கிறது. வென்டிலேட்டரில் இருந்த குழந்தைக்கு வலி மருந்தை நிறுத்திவிட்டார்கள், டாக்டருக்கு இரக்கமே இல்லை என்று எழுதியிருந்தேன். இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கேட்டால், குழாயை எடுக்கத் தயார் செய்கிறார்கள், அந்த மருந்து மூச்சை அடக்கும், அதனால் நிறுத்தினார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்படி வெறும் தகவல் இல்லாமல் வருகிற வேதனை நிறைய. அதை முதலில் கழித்துவிடுங்கள்.

டாக்டரிடம் கேட்பது

நேரம் பார்த்துக் கேளுங்கள். ரவுண்ட்ஸில் பத்துப் பேர் நடுவில் வேண்டாம், அம்மா நிற்கும்போது வேண்டவே வேண்டாம். ரவுண்ட்ஸ் முடிந்து கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரம் நல்லது. "ஏன் சார் இன்னும் நிறுத்தல?" என்று தொடங்கினால் அது குற்றச்சாட்டு, அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். "சார், இந்தப் பாப்பாவுக்கு இப்ப நாம எதை நோக்கிப் போறோம்? அப்பாகிட்ட நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டுப்பாருங்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு பெற்றோரை உட்காரவைத்து முழுதாகப் பேசிய சீஃப்களை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நேரடியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் இன்சார்ஜ் சிஸ்டர் வழியாகப் போங்கள். ஹவுஸ் சர்ஜன்களையும் பி.ஜி. டாக்டர்களையும் எதிர்க்கட்சி ஆக்கிக்கொள்ள வேண்டாம். அவர்களும் உங்கள் வயதுதான், அவர்களுக்கும் மனசு கேட்பதில்லை. படிக்கட்டில் இடம் இருக்கிறது.

கையில் இருப்பது

குழந்தை பிழைக்குமா என்பது நம் கையில் இல்லை. அது வலிக்க வலிக்கக் கிடக்குமா என்பதில் பாதி நம் கையில் இருக்கிறது.

1980-கள் வரை பச்சிளங்குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்றுதான் மருத்துவ உலகம் நம்பியது. போதிய மயக்க மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சைகூட நடந்திருக்கிறது. 1987-ல் கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற இந்திய வம்சாவளி மருத்துவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வுகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. குறைமாதக் குழந்தைக்கும் வலிக்கும், அந்த வலி உடம்பின் தேறுதலையே கெடுக்கும் என்று காட்டின. இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம், "இவ்ளோ சின்னதுக்கு என்ன தெரியும்" என்று சொல்கிற ஒருவரை இன்றைக்கும் நீங்கள் சந்திப்பீர்கள்.

குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் நாக்கில் அம்மாவின் பால் சில சொட்டு, வாய்வழி கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. கையையும் காலையும் மடக்கி, கருவில் இருந்த மாதிரி ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் குத்த வேண்டும். ஆள் இல்லையென்றால் துணியால் சுற்றி ஒரு காலை மட்டும் வெளியே எடுங்கள். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மதியம் ஒன்று என்று ரத்தம் கேட்டால், "ஒரே தடவை எடுத்துடலாமா டாக்டர்? பத்து மணிது இன்னைக்கே வேணுமா?" என்று கேளுங்கள். படிக்கட்டுப் பெண் மறுநாள் செய்தது இவ்வளவுதான். அன்று அந்தக் குழந்தைக்கு இரண்டு குத்து குறைந்தது.

அடுத்தது அம்மா. சிசேரியன் ஆகி வேறு வார்டில், சில சமயம் வேறு ஊரில் படுத்திருப்பாள். "பாப்பாவைப் பெட்டியில வச்சிருக்காங்க" என்பதற்கு மேல் யாரும் அவளுக்கு எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் கையைக் கழுவவைத்து, உள்ளே அழைத்து வந்து, குழந்தையின் தலையில் ஒரு கை, காலில் ஒரு கை வைக்கச் சொல்லுங்கள். தடவ வேண்டாம், அசையாமல் வைத்தால் போதும். சின்னக் குழந்தைக்குத் தடவுவது எரிச்சல், அழுத்தமான கை ஆறுதல். குறைமாதக் குழந்தையும் எடை குறைந்த குழந்தையும் முழுதாகத் தேறும்வரை காத்திருக்காமல், பிறந்ததும் கங்காரு அணைப்பை (அம்மாவின் வெறும் நெஞ்சோடு குழந்தையை ஒட்டவைத்து அணைப்பது) தொடங்கலாம், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்துவிட்டது. தானாக மூச்சுவிட முடியாத, வென்டிலேட்டர் தேவைப்படுகிற, ரத்த ஓட்டம் குறைந்து ஷாக்கில் இருக்கிற குழந்தைகள் மட்டும் விலக்கு. நம் வார்டுகளில் இடமும் நாற்காலியும்தான் தடை. ஒரு பிளாஸ்டிக் சாய்வு நாற்காலிக்காக நான் இரண்டு வருடம் மனு எழுதியிருக்கிறேன். கடைசியில் ஒரு தாத்தா வாங்கிக் கொடுத்தார்.

அப்பாயியும் அம்மாச்சியும் கொண்டுவருவதைத் தட்டிவிடாதீர்கள். திருக்கருகாவூர் குங்குமம், வேளாங்கண்ணி எண்ணெய், நாகூர் தர்காவிலிருந்து கயிறு, வைத்தீஸ்வரன்கோயில் திருநீறு, எல்லாம் வரும். வாயில் தீர்த்தம் விடக்கூடாது, உடம்பில் பூசக்கூடாது, அதில் கண்டிப்பு வேண்டும். பொட்டலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வார்மரின் கால்மாட்டில் ஒட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. முடியாமல் போகும் நேரத்தில் முஸ்லிம் வீட்டு அப்பா காதில் பாங்கு சொல்ல வேண்டும் என்பார், ஐந்து நிமிடம் விடுங்கள். கத்தோலிக்க வீட்டுக் குழந்தைக்கு ஆபத்து நேரத்தில் பாதிரியார் இல்லாமலே யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அவர்கள் திருச்சபை விதி. பாட்டிக்கு அது தெரிந்திருக்கும். கேட்கத்தான் பயந்துகொண்டிருப்பார்.

கையில் இல்லாதது

சிகிச்சையை நிறுத்துவதும் குறைப்பதும் உங்கள் முடிவு இல்லை. வாய்ச்சொல்லாக யார் சொன்னாலும் வென்டிலேட்டர் குமிழைத் திருப்பாதீர்கள். இதில் சட்டம் எங்கே நிற்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். 2011-ல் உச்ச நீதிமன்றம் அருணா ஷான்பாக் வழக்கில் முதல்முறையாக, மீளாத நிலையில் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ளக் கடுமையான நிபந்தனையோடு வழி வைத்தது. அருணா ஒரு நர்ஸ். 1973-ல் தான் வேலை பார்த்த மும்பை மருத்துவமனையிலேயே தாக்கப்பட்டு, 2015-ல் இறக்கும்வரை அங்கேயே படுக்கையில் இருந்தார். அத்தனை வருடமும் பார்த்துக்கொண்ட நர்சுகள், உணவை நிறுத்தக்கூடாது என்றே நின்றார்கள். 2018 மார்ச் 9-ல் அரசியல் சாசன அமர்வு, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கினார்கள்: சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்து வருட அனுபவமாவது உள்ள வல்லுநர் இருவரும் கொண்ட முதல் குழு, அதைச் சரிபார்க்க இரண்டாம் குழு, குடும்பத்தின் ஒப்புதல். எல்லாம் எழுத்தில். எழுத்தில் இருந்தால் அது முடிவு. இல்லையென்றால் வாய்ப்பேச்சு, அதன் பாரம் முழுவதும் கடைசியில் குமிழைத் திருப்பிய கை மேல்தான் விழும்.

"சும்மா பேருக்கு ரெண்டு அழுத்து அழுத்துங்க, வெளியே அப்பா பாக்குறாரு" என்று யாராவது சொல்லும் நாள் ஒன்று வரும். பதினேழு வருடத்தில் எனக்கு அதிகம் வலித்தவற்றில் அது ஒன்று. நெஞ்சை அழுத்தினால் உண்மையாக அழுத்துங்கள். வேண்டாம் என்றால் அதை முன்கூட்டியே பேசி, ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். நடிப்பு மட்டும் வேண்டாம்.

‘எழுதிக் கொடுத்துட்டுப் போறோம்’

இதற்கு நான் தனியாக இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் இதில் நான் தோற்றிருக்கிறேன்.

பெயர் வேண்டாம், முதலில் வேலை பார்த்த தனியார் இடம். இரட்டைக் குழந்தைகளில் பெண் குழந்தைக்கு மட்டும் மூச்சுத்திணறல். பணம் முடிந்துவிட்டது. அரசு மருத்துவமனைக்கு மாற்றினால் ஒரு பைசா ஆகாது என்று அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். தாளில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. என் நோட்டில் மூன்றாவது இடத்தில் எழுதியிருப்பது: வேலை போய்விடும் என்ற பயம்.

இப்படிப்பட்டது கரைவதில்லை, அடியில் தங்குகிறது. அடுத்த தடவை இதே மாதிரி வந்தால் பழைய வண்டலின் மேல் புதியது படிந்து மட்டம் ஏறுகிறது. எலிசபெத் எப்ஸ்டீன், ஆன் ஹாம்ரிக் என்ற இரு அமெரிக்கர்கள் 2009-ல் இதைத்தான் விவரித்தார்கள். ஆற்றோரம் பிறந்த நமக்கு வண்டல் என்றாலே புரியும்.

ஆகவே இப்போது நான் செய்வது. தாளை நீட்டும் முன் காரணம் கேட்பேன், கோபமில்லாமல். முதல் பதில் பெரும்பாலும் உண்மையான காரணம் இல்லை. "பொழைக்காதுன்னு சொல்றாங்க" என்பார்கள். டாக்டர் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார். இன்னும் கொஞ்சம் பேசினால் வரும்: வீட்டில் மூத்த பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, நடவு நேரத்தில் கூலி போகிறது, வாசலில் பத்து நாளாகத் தரையில் படுத்திருக்கிறோம், இது மூன்றாவது பொண்ணு. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. பணம் என்றால், அரசு மருத்துவமனையில் குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எல்லாம் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம். 2011-ல் பிறந்து 30 நாள்வரை என்று தொடங்கி, பிறகு ஒரு வயதுவரை நீட்டினார்கள். தனியாரில் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, 108-ல் மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

யார் முடிவெடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். கையெழுத்துப் போடும் அப்பாவாகப் பெரும்பாலும் இருக்காது. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அப்பாயியோ பெரியப்பாவோதான். அவரை டாக்டரிடம் பேசவையுங்கள், குழந்தையை ஒருமுறை காட்டுங்கள். கண் திறந்து பார்க்கும் பேத்தியைப் பார்த்துவிட்டு, "சரி, இன்னும் நாலு நாள் பாக்கலாம்" என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட அப்பாயியை எனக்குத் தெரியும்.

எல்லாம் பேசியும் போகிறார்கள் என்றால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகச் சொல்லிக் காட்டுங்கள். பால் எப்படிப் பீய்ச்சி ஊட்டுவது, எந்த அறிகுறிக்குத் திரும்பி ஓடிவர வேண்டும் என்று சொல்லுங்கள். கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு போன். "எப்ப வேணாலும் வாங்க, யாரும் திட்ட மாட்டோம்" என்ற ஒரு வார்த்தை. திட்டுவார்கள் என்ற பயத்தில் திரும்பி வராத குழந்தைகள் உண்டு.

பேசுவதற்கு ஒரு இடம்

பஸ்ஸில் பேசாதீர்கள். கும்பகோணம்–மயிலாடுதுறை பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவர் அந்தக் குழந்தையின் சித்தியாக இருப்பார், இது நடந்திருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வேண்டாம். வார்டுக்குள்ளேயே பத்து நிமிடம் போதும். குழந்தை போன ஷிஃப்டில், வீட்டுக்குப் போகும் முன், இருந்தவர்கள் எல்லாரும்: என்ன நடந்தது, எது நன்றாகச் செய்தோம், எது உறுத்துகிறது. யார் தப்பு என்ற பேச்சு வந்தால் நிறுத்திவிடுங்கள், அதற்கு வேறு கூட்டம் உண்டு.

2018 நவம்பர் 16 கஜா புயல் ராத்திரி மரங்கள் விழுந்து, ஊரெல்லாம் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஒவ்வொரு தடவை முக்கும்போதும் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டீசல் வருமா என்று தெரியாது. விடிந்ததும் இன்சார்ஜ் சிஸ்டர் எங்களை உட்காரவைத்து ஒருத்தி ஒருத்தியாகச் சொல்லச் சொன்னார். அவர் 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் கருகி வந்த குழந்தைகளைப் பார்த்தவர், 94 பிள்ளைகள் போன அந்தத் தீ. "அன்னைக்கு எங்களை யாரும் கேக்கல" என்று மட்டும் சொன்னார்.

அழுகிற பெண்ணைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. அம்மாக்களின் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவள், குழந்தையை ‘நாலாம் நம்பர்’ என்று மட்டும் சொல்லத் தொடங்குகிறவள், எதற்கும் ‘நமக்கென்ன’ என்கிறவள், இவர்களைக் கண்டால்தான் கூடப் போய் உட்காருவேன். உங்களுக்கே அப்படித் தோன்றினாலோ, தூக்கம் வாரக்கணக்கில் போனாலோ, 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும், தமிழில் பேசலாம். மருத்துவமனைக்குத் தெரியாது.

அந்தக் குழந்தை இருபத்து நான்காம் நாள் போய்விட்டது. அதற்கு முந்தின நாள் சீஃப் அப்பாவோடு ஒரு மணி நேரம் பேசினார். கடைசி நேரத்தில் அம்மாவின் மடியில் இருந்தது. கேஸ் ஷீட்டில் அதுவரை ‘பேபி ஆஃப்’ போட்டு அம்மா பெயர்தான். நம் பெண் அப்பாவிடம் போய், பெயர் ஏதாவது யோசித்திருந்தீர்களா என்று கேட்டாள். யோசித்திருந்தார்கள். கால்ரேகை எடுத்த அட்டையில் அந்தப் பெயரைத் தன் கையெழுத்தில் எழுதி, அம்மாவின் பைக்குள் வைத்துவிட்டு, மூன்றாம் வார்மருக்குப் பால் நேரமாகிவிட்டது என்று போனாள்.